தரிசு நரி, ஏரிப் பூனை

காரியம் நினைத்ததைவிட நன்றாக முடிந்துவிட்டால், "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சிருக்கான்" என்பது நம் ஊர் வழக்கம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டவரைப் பற்றி இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் நரி முகத்தை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். பூனைக்கு இந்த மரியாதை கிடையாது. பூனை குறுக்கே போய்விட்டால், "கொஞ்சம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று வீட்டுக்குள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

சகுனக் கணக்கில் நரி அதிர்ஷ்டம், பூனை தடை. சென்னையின் மேற்குப் புறநகரில் நிலத்தின் கணக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. ஊருக்கு வெளியே வாழும் நரிக்கு அதிர்ஷ்டம் இல்லாமல் போனது. ஏரிக்கரைக் காட்டுப்பூனைக்கு ஒண்டிக்கொள்ள ஓரளவு இடம் மிஞ்சியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம், ஒரே இரை, ஒரே இரவு வாழ்க்கை. அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? இதற்கான விடையில் பாதி அவற்றின் உடம்பில் இருக்கிறது. மீதிப் பாதி, கிராமக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட ஒரு சொல்லில் இருக்கிறது.

முதலில் எந்த நரி என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் நரி என்ற ஒரே பெயரில் இரண்டு விலங்குகள் திரிந்தன. ஒன்று, இருட்டியதும் கூட்டமாக ஊளையிடுவது. எட்டு, பத்து கிலோ எடை வரும், தெருநாயைவிடக் கொஞ்சம் மெலிந்த உருவம். ஆங்கிலத்தில் ஜாக்கால் என்று சொல்வது இதைத்தான். மாணிக்கவாசகர் கதையில் பகலில் குதிரையாக வந்து, ராத்திரி லாயத்தில் பழைய உருவெடுத்து ஊளையிட்டு மதுரையைக் கலங்கடித்தது இந்த நரி. 1916ல் ராட்டன் என்ற ஆங்கிலேயர் குடகிலிருந்து வந்த மாதிரியை வைத்துத் தென்னிந்திய வகைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'நரியா' என்றே வைத்தார். நம் சொல் லத்தீன் வேஷத்தில் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது விலங்கு இதில் பாதி எடைகூடத் தேறாது. இரண்டிலிருந்து மூன்று கிலோ சொச்சம். சாம்பல் கலந்த மண்நிறம், கூர்மூஞ்சி, பெரிய காது, உடம்பில் பாதிக்கு மேல் நீளமான புசுபுசு வால், வால் நுனியில் மையில் தோய்த்தெடுத்ததுபோலக் கறுப்பு. கூட்டமாக ஊளையிடாது, 'கெக்கெக்' என்று விட்டுவிட்டுக் கத்தும். இதற்கு ஜார்ஜ் ஷா என்பவர் 1800ல் அறிவியல் பெயர் தந்தார். இன்று அது வல்பெஸ் பெங்காலென்சிஸ், அதாவது வங்காள நரி. பெயரில்தான் வங்காளம், இமயமலை அடிவாரத்திலிருந்து குமரி வரைக்கும் திறந்தவெளிகளில் வாழ்கிற விலங்கு இது.

தமிழில் இதைக் குள்ளநரி என்கிறார்கள். ஆனால் ஊளையிடும் நரியையும் பலர் குள்ளநரி என்றே சொல்வதால் குழப்பம் தீர்ந்தபாடில்லை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் மட்டும் மக்கள் வாயில் ஒரு தனிப்பெயர் இருக்கிறது: வங்காநரி. வங்கு என்றால் வளை, பொந்து. வங்கில் வாழ்கிற நரி என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். காரணம் எதுவானாலும் பெயர் பொருத்தமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் சின்னதை வங்காநரி என்றும், பெரியதை ஊளைநரி என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பூனைப் பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. புறநகர் வீடுகளில் ராத்திரி ஓட்டின்மேல் தடதடவென்று ஓடுவதை, "காட்டுப்பூனை வந்துடுச்சு" என்பார்கள். அது பெரும்பாலும் மரநாயாக இருக்கும். மரநாய் பூனைக் குடும்பமே இல்லை. உண்மையான காட்டுப்பூனை கூரைக்கு வருகிற ஆள் அல்ல. நெடிய கால், நாலிலிருந்து ஏழு கிலோ எடை, புள்ளியோ கோடோ அதிகமில்லாத மணல்நிற உடம்பு, காது நுனியில் சிறு கறுப்பு முடிக்கற்றை, கால்களில் மங்கலான பட்டை, குட்டையான வாலில் கறுப்பு வளையங்கள். பழந்தமிழில் இதற்கு வெருகு என்று பெயர்.

காட்டுப்பூனையின் அறிவியல் பெயரான ஃபெலிஸ் சவுஸ், காகசஸ் மலைக்கு வடக்கே தெரெக் ஆற்றங்கரையில் கிடைத்த பூனைக்கு 1770களில் வைத்தது. எகிப்தில் நைல் கரையிலிருந்து வியட்நாம் வரை இது பரவியிருக்கிறது. எகிப்தியர்கள் பதப்படுத்திப் புதைத்த பூனைகளில் இந்த இனமும் உண்டு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய வகையை 1939ல் போக்காக் என்ற விலங்கியலாளர் தனியாகப் பிரித்தார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்ட மாதிரி இலங்கையின் செட்டிகுளத்தில் கிடைத்தது. இலங்கையில் காட்டுப்பூனை உண்டு, ஊளைநரி உண்டு, வங்காநரி கிடையாது. உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் காட்டுப்பூனைக்கு ஆசியா நெடுக உறவினர்கள் இருக்கிறார்கள். வங்காநரிக்கு இந்தத் துணைக்கண்டத்தை விட்டால் வேறு ஊரே இல்லை. யார் போனால் நஷ்டம் அதிகம் என்று கேட்டால் இந்த ஒரு தகவல் போதும்.

உடம்பை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஒற்றுமைதான் முதலில் கண்ணில் படும். நாய்க் குடும்பத்தில் பூனைக்கு மிக அருகில் வருவது நரிதான். வெளிச்சம் பட்டால் நரியின் கண்மணி, நாயினுடையதைப் போல வட்டமாக இல்லாமல், பூனைக் கண் மாதிரியே செங்குத்தான கோடாகச் சுருங்கும். இரண்டும் எலி தின்னும், பல்லி தின்னும், தரையில் கூடு கட்டும் பறவையைத் தின்னும், அந்தியில் கிளம்பி விடியலில் அடங்கும்.

வித்தியாசம், எப்படிப் பிடிக்கின்றன என்பதில் இருக்கிறது. காட்டுப்பூனை மறைந்திருந்து பாய்கிற ஜாதி. அதற்கு மறைவு வேண்டும். கோரை, சம்பு, நாணல், கரும்பு, விளைந்த நெல், எதுவானாலும் சரி, தன் தோள் மறைகிற உயரத்துக்கு ஒரு பச்சை வேண்டும். தண்ணீருக்குப் பயப்படாது, நன்றாக நீந்தும், மீனும் தவளையும் பிடிக்கும். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஷோமிதா முகர்ஜியும் அவர் குழுவினரும் செய்து 2004ல் வெளிவந்த ஆய்வு, அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு எலி வகைதான் என்று காட்டியது. எலி எங்கே கொழுக்கிறதோ அங்கே பூனைக்கும் வாழ்வு. வயலும் ஏரியும் சேர்ந்த இடம் இரண்டுக்கும் தோது.

வங்காநரி நேர்மாறு. அது நடந்துகொண்டே பொறுக்குகிற ஜாதி. வெட்டுக்கிளி, வண்டு, கரையான், வயல் எலி, நண்டு, மழைக்குப் பின் ஈசல், உதிர்ந்து கிடக்கிற இலந்தைப் பழம், எல்லாம் அதற்குச் சாப்பாடு. தூரத்தைப் பார்க்க வேண்டும், மண்ணுக்கடியில் நகர்வதைக் கேட்க வேண்டும். அதனால் புல் குட்டையாக இருக்க வேண்டும். ஆடுமாடு மேய்ந்து மேய்ந்து வழித்த மைதானம் அதற்கு சொர்க்கம். ஏ.ஜே.டி. ஜான்சிங் 1978ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இந்த நரியின் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில் செந்நாய் ஆய்வுக்காக உலகம் அறிந்த அதே ஜான்சிங்தான்.

வங்காநரி ஆணும் பெண்ணும் ஜோடியாக இருந்து குட்டி வளர்க்கும். காட்டுப்பூனையில் தாய் மட்டுமே வளர்க்கும். நரிக்கு வளை என்பது வீடு. மேட்டுப்பாங்கான, தண்ணீர் தேங்காத மண்ணில் ஏழெட்டு வாசல் வைத்துத் தோண்டும். வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பவும் வரும். பூனைக்கு அந்தக் கவலை குறைவு. ஒரு கோரைப் புதர் போனால் அடுத்த புதரில் குட்டி போடும். சுருக்கமாகச் சொன்னால், நரிக்குக் காய்ந்த வெட்டவெளி வேண்டும், பூனைக்கு ஈரமான மறைவு வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு காலத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஊர்ப் பெயர்களே சாட்சி சொல்கின்றன. திருவேற்காட்டில் கோயில் மரம் வெள்வேலம். வேல மரம் காய்ந்த நிலத்தின் மரம். திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடி தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றிக்கொண்டது என்பது தலபுராணம். முல்லை என்பது கொடியின் பெயர் மட்டுமா? ஆடுமாடு மேய்கிற புல்வெளி நிலத்துக்கும் அதே பெயர். இந்த வேலங்காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் நடுநடுவே ஏரிகள்: அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, பூந்தமல்லிக்குத் தெற்கே கடல்போலச் செம்பரம்பாக்கம். ஏரிக்குக் கீழே நஞ்சை, ஏரிக்கு மேலே காடும் கரம்பும். கீழே பூனைக்கு இடம், மேலே நரிக்கு இடம்.

இந்த நில ஏற்பாட்டின் பழைய சித்திரம் இலக்கியத்தில் இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் இரண்டு இடங்களில் வெருகைக் கொண்டுவருகிறார். ஒன்றில் முல்லை அரும்பைப் பார்த்தால் வெருகு சிரிப்பதுபோல் இருக்கிறது. இன்னொன்றில் சாயங்காலம் வேலியோரம் வெருகு வந்துவிட, வீட்டுக் கோழி பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. காட்டில் இருக்கிற மிருகமாக அவர் அதைச் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அண்டை வீட்டுக்காரனாகச் சொல்கிறார். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைப் பட்டியல் போடும்போது நரிக்குட்டியை நாய், பன்றி, புலி, முயலோடு சேர்த்துக் குருளை என்கிறது. வெருகின் பிள்ளையை எலியோடும் அணிலோடும் சேர்த்துக் குட்டி என்கிறது. பழந்தமிழர்களுக்கு இவை தினமும் கண்ணில் பட்டவை. பார்க்காத விலங்கின் குட்டிக்கு யாரும் தனிப்பெயர் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சொல்லும் நிலமும் பிரிய ஆரம்பித்தது வரிக் கணக்கு மாறியபோது.

1639ல் ஆங்கிலேயர்களுக்குச் சென்னைக் கடற்கரையைக் கொடுத்த தாமர்ல சகோதரர்களில் ஒருவரான அய்யப்ப நாயக்கர் இருந்த ஊர் பூந்தமல்லி. அப்போது பட்டணம் அதுதான். சென்னை வெறும் மணல். 1763ல் ஆற்காடு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அந்த ஜாகீரில் என்ன இருக்கிறது என்று அறிய, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார். தரம்பால் முதலானவர்கள் பிற்காலத்தில் தூசி தட்டி எடுத்த இந்த ஏடுகளில் ஊரின் வீடு, தோட்டம், கோயில், ஏரி, காடு, சாகுபடி நிலம் என்று எல்லாம் தனித்தனியாக அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. காடும் மேய்ச்சலும் ஊரின் உறுப்புகளாகக் கணக்கில் வந்தன.

பிறகு வந்தது தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்ந்த ரயத்துவாரி. உழுகிறவனிடம் நேராக வரி வாங்குகிற முறை. அந்த முறையில் நிலத்தைப் பார்க்கிற கண்ணே வேறு: வரி தருமா, தராதா? தருவது நஞ்சை, புஞ்சை. பொதுவுக்கு ஒதுக்கியது புறம்போக்கு. மிச்சமெல்லாம் தரிசு, அதிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு. கர்ணம் வைத்திருந்த பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எதிரே இந்தச் சொற்களில் ஒன்று விழுந்தது. ஏரிக்கு ஏரி என்றே எழுதினார்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் நஞ்சையில் வரி வரும் என்பதால் அதற்கு மதிப்பு இருந்தது. நரி வாழ்ந்த வெட்டவெளிக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. அது தரிசு. தரிசு என்றால் இன்னும் எதற்கும் ஆகாத நிலம் என்று அர்த்தம், வேறொன்றுக்கு ஆகக் காத்திருக்கிற நிலம் என்றும் அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால், அதே வெள்ளைக்கார அதிகாரிகள்தான் அந்தத் தரிசில் ஓடிய நரியை ஆசையாகக் கவனித்தவர்களும். சென்னை சிவில் சர்வீஸில் இருந்த வால்ட்டர் எலியட், சென்னையிலிருந்து வந்த இலக்கிய, அறிவியல் இதழில் 1839ல் தெற்கு மராட்டப் பகுதிப் பாலூட்டிகளின் பட்டியலை எழுதினார். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1867ல் இந்தியப் பாலூட்டிகள் நூலை வெளியிட்டார். வங்காநரியை வேட்டைநாய் விட்டுத் துரத்துவது அக்காலத் துரைமார்களுக்குப் பிரியமான விளையாட்டு. சின்ன உருவம், சட்டென்று திசை மாற்றி ஓடும், கடைசி நிமிஷத்தில் வளைக்குள் மறைந்துவிடும். இத்தனை நரி ஓடிய மைதானம் அவர்களுடைய வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் ஒன்றுமில்லாத நிலமாக இருந்தது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வெளிகளைக் கடந்து போனது. ஒரு ஜோடித் தண்டவாளத்தால் நரிக்குப் பெரிய தொந்தரவில்லை. உண்மையான மாற்றம் அதற்குச் சுமார் தொண்ணூறு வருஷம் கழித்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடியின் வெட்டவெளியில் ராணுவக் கிடங்குகள் எழுந்தன. 1955 ஜனவரியில் அதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச மாதிரிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பெருங்கூட்டத்துக்குப் பந்தல் போட ஒரு பெரிய மைதானம் வேண்டும். ஆவடியில் அது இருந்தது. 1961ல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்கெனவே இருந்தது. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆரம்பமாகி ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்தது.

இந்தத் தொழிற்சாலைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஊரிலிருந்து கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அம்பத்தூர்தான் சோறு போட்டது. ஆவடி சைரன் சத்தத்துக்குக் கடிகாரம் வைத்துக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று இதைப் படிக்கிறவர்களில் பலர். கவனிக்க வேண்டியது நிலம் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம். தொழிற்சாலைக்கு எந்த நிலத்தை எடுப்பார்கள்? நஞ்சையை எடுத்தால் விவசாயி கேட்பான், நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஏரியை எடுத்தால் தண்ணீர் போகும். தண்ணீர் தேங்காத, மேடான, மரமில்லாத, கேட்க ஆளில்லாத நிலம் எது? தரிசு. ஒரு பொறியாளர் தொழிற்சாலைக்குத் தேடுகிற அத்தனை லட்சணமும் வங்காநரி வளை தோண்டத் தேடுகிற அத்தனை லட்சணமும் ஒன்றே. இந்தப் போட்டியில் நரி ஜெயிக்க வழியே இல்லை.

மிச்சமிருந்த தரிசு, மனைப்பட்டாவாகவும் நகராகவும் மாறியது. மேய்க்கால் புறம்போக்குக்கு விதிகள் இருந்தன; ஆனால் மேய்க்க மாடு இல்லாமல் போனதும் அந்த விதிகளைக் கேட்க ஆள் குறைந்தது. மாடு போனதில் இன்னொரு விளைவும் உண்டு. மேயாமல் விட்ட வெளியில் சீமைக்கருவேலம் மண்டியது. நகரத்துக்காரர் பார்வையில் அது பச்சை, காடு. நரிக்கு அது அடைத்துவிட்ட கதவு.

நாய்களையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவின் நன்னஜ் புல்வெளியில் அபி தமிம் வனக் செய்த ஆய்வுகள், நாய்கள் நடமாடுகிற இடத்தை வங்காநரிகள் தவிர்த்து ஒதுங்குவதைக் காட்டின. நாயிலிருந்து தொற்றுகிற டிஸ்டெம்பர் நோயும் நரிகளைக் கொல்லும். ஊர் பெருகினால் குப்பை பெருகும், குப்பை பெருகினால் நாய் பெருகும். நிலம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அதை நரி பயன்படுத்த முடியாது.

ஏரிப் பக்கம் கதை சற்று வேறு. ஏரிகள் தப்பித்தன என்று சொல்ல மாட்டேன். முகப்பேரில் ஒரு பகுதிக்குப் பெயரே ஏரித் திட்டம். "எங்க இருக்கீங்க?" என்றால், "ஏரி ஸ்கீம்ல சார்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஏரியின் மேல் வீடு கட்டியதைத் திட்டத்தின் பெயரிலேயே எழுதிவைத்த ஊர் நம்முடையது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் கழிவுநீரோடு மல்லுக்கட்டுகின்றன. இருந்தாலும் ஏரிக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு கரை இருந்தது, கேட்க ஆள் இருந்தார்கள். செம்பரம்பாக்கமும் புழலும் சென்னைக்குக் குடிநீர் என்பதால் அரசே காவல் நின்றது. 2007ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டது. ஏரியைக் காணோம் என்று ஒரு குடியிருப்போர் சங்கம் வழக்குப் போடலாம். பழைய வரைபடத்தைக் காட்டலாம். தரிசைக் காணோம் என்று யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. போனால் நீதிபதியே சிரிப்பார்.

ஏரி இருந்தால் அதன் ஓரத்தில் கோரை இருக்கும், சம்பு இருக்கும். கோரை இருந்தால் எலி, தவளை, நீர்க்கோழி. அவை இருந்தால் காட்டுப்பூனைக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. வெருகுக்காக யாரும் ஏரியைக் காக்கவில்லை. நம் தாகத்துக்காகக் காத்ததில் அதுவும் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஏரியைப் 'புனரமைக்கும்' இன்றைய முறை அந்த வழியையும் அடைக்கக்கூடியது. 2019ல் பருத்திப்பட்டு ஏரியில் பூங்கா திறந்தார்கள். நடைபாதை, விளக்கு, படகு, உட்கார பெஞ்சு. சாயங்காலம் குழந்தைகளும் வயசானவர்களும் நடக்க ஒரு இடம் கிடைத்தது நல்ல விஷயம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஏரிக்கரை முழுக்க விளக்குப் போட்டு, கோரையை அழுக்கு என்று வழித்து, கல் பதித்துவிட்டால் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும். தண்ணீரில் பூனை குடியிருக்காது. கரையின் அந்த ஐம்பது அடி ஈரப் புதரில்தான் குடியிருக்கும். கணக்கில் ஏரி பத்திரமாக இருக்கும், பூனை இருக்காது.

நரி காணாமல் போனதற்கு வேட்டையைக் காரணம் சொல்கிற வழக்கம் உண்டு. நரிக்குறவர் மக்களைக் கைகாட்டுவது அதில் சுலபமான வழி. அவர்கள் பெயரில் இருப்பது ஊளைநரி. நரிக்கொம்பு என்று விற்கப்பட்டதும் அதன் பெயரில்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியபோது அவர்களுடைய பிழைப்பும் மூடியது. பாசிமணியும் ஊசியும்தான் மிச்சம். 2022 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஆவடியில் உள்ள நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்தார். அதன் பிறகு, 2023 தொடக்கத்தில்தான் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் சட்டப்படி ஏறியது. கவண், கண்ணி, நாட்டுத் துப்பாக்கி எல்லாம் சேர்ந்து நூறு வருஷத்தில் பிடித்த நரிகளைவிட, ஒரு சுற்றுச்சுவர் ஒரே வருஷத்தில் இடமில்லாமல் செய்த நரிகள் அதிகமாகத்தான் இருக்கும். சொல்லப்போனால் அந்த மக்களும் நரியும் ஒரே கணக்கின் கீழ் வந்தவர்கள். ஊருக்கு வெளியே, புறம்போக்கில்.

வங்காநரிக்குத் தனிப்பெயர் வைத்திருக்கிற வாழப்பாடிக்கு வருவோம். அங்கே சில கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்துவந்து, கயிறு கட்டி ஊர் நடுவே ஓடவிட்டு, பிறகு காட்டில் விடுவது தலைமுறை வழக்கம். நரி முகத்தில் முழித்தால் மழை பெய்யும், விளைச்சல் செழிக்கும் என்று நம்பிக்கை. வனத்துறை தடை போட்டு, பிடிப்பவர்களுக்கு அபராதம் விதிக்கிறது. தடைக்கு நியாயம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்கள் வங்காநரி இணைசேர்கிற காலம். சுமார் ஐம்பது நாள் சுமந்து குட்டி போடும். பொங்கலில் வலையில் விழுவது ஜோடியில் பாதியாகவோ சினையாகவோ இருக்கலாம். மிரண்டு போன நரி பிழைப்பது நிச்சயமில்லை.

ஆனால் எனக்கு ஒன்று உறைக்கிறது. அந்த கிராமத்துக்காரருக்கு வங்காநரி எந்தக் கரட்டில் வளை வைத்திருக்கிறது என்று தெரியும். எப்போது வெளியே வரும், ஊளைநரிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரியும். "நரி இருந்தாத்தானே சாமி மழை" என்று அவரால் சொல்ல முடியும். அது வாழ்கிற கரட்டை அழித்தால் அவருக்கு இழப்பு. அவர் செய்வது தவறு, ஆனால் அவருக்கு நரியோடு உறவு இருக்கிறது. அம்பத்தூரில் நாம் ஒரு நரியைக்கூடக் கயிற்றில் கட்டவில்லை, சட்டத்தை மீறவில்லை, ஒரு மிருகத்தைத் துன்புறுத்தவில்லை. அது இருந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இரண்டு விலங்குக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால், ஊளைச் சத்தம் எங்காவது கேட்கிற வரைக்கும் "நரி இருக்கு" என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இது அம்பத்தூரின் கதை மட்டுமல்ல. மத்திய அரசு 2000லிருந்து வெளியிட்டுவரும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்வெளியும் திறந்த புல்வெளியும் தரிசு என்ற தலைப்பின் கீழ்தான் வருகின்றன. மன்றோ காலத்துச் சொல் செயற்கைக்கோள் படத்திலும் ஏறிவிட்டது. சூரியசக்திப் பூங்கா, தொழில் பூங்கா, மரம் நடும் திட்டம், எதற்கு நிலம் தேடினாலும் கை முதலில் போவது அங்கேதான். மரம் நடுகிறவர்கூட நல்ல எண்ணத்தோடு நரியின் வீட்டு வாசலில்தான் குழி தோண்டுகிறார். உலகப் பட்டியலில் காட்டுப்பூனையும் வங்காநரியும் இன்றைக்கும் அதிக ஆபத்தில்லாத இனங்கள் என்ற ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. அந்த வரிசையில் ஒன்றுக்கு நைல் வரைக்கும் இடம் இருக்கிறது, இன்னொன்றுக்கு இங்கே மட்டும்தான் என்பதைப் பட்டியல் அழுத்திச் சொல்வதில்லை.

அம்பத்தூரில் நரியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பூந்தமல்லிக்கு மேற்கே, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்னும் சர்வே ஆகிற, விலை பேசப்படுகிற வெளிகள் இருக்கின்றன. அங்கே ஒரு நிலத்தைப் பார்த்து, "சும்மாதான் கெடக்கு சார், ஒண்ணும் இல்லை" என்று தரகர் சொல்லும்போது, அந்த ஒன்றுமில்லாததில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை இறங்கி நடந்து பார்க்கலாம். குட்டைப் புல், கரையான் புற்று, இலந்தைச் செடி, மேட்டில் நாலைந்து வாய் வைத்த வளை. இவ்வளவும் இருந்தால் அது தரிசு இல்லை. அதற்குப் பதிவேட்டில் வேறு பெயர் வேண்டும். ஏரிக்கு ஒரு பெயர் இருந்ததால்தான் பூனை பிழைத்தது.